தலைவர் பிம்பமும் நம் வாக்கும்: 1957 முதுகுளத்தூர் சொல்லும் பாடம்

ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் ஒருவர் வாக்குக் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் திருப்பாலைக்குடிக்கு வரும்போது அவர் மீனவர்களின் தோழன். கச்சத்தீவைப் பற்றிப் பேசுவார், ஜமாஅத் பெரியவர்களுக்குச் சால்வை போர்த்துவார். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் போனால் முதல் வேலையாகத் தேவர் சிலைக்கு மாலை போடுவார். பரமக்குடிக்குள் நுழைந்தால் தியாகி இமானுவேல் சேகரன் நினைவிடத்தில் தலை குனிந்து நிற்பார். ஆள் ஒருவர்தான், முகம் மூன்று. மூன்று இடங்களிலும் எடுத்த படங்கள் மாலைக்குள் நம் கைப்பேசிக்கு வந்துவிடும்.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு தலைவரின் பிம்பம் என்பது சிரிக்கும் விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் தலைவர், யார் யாருக்குச் சமமாக உட்காரலாம், யாருடைய படம் சுவரில் இருக்கலாம் என்ற கேள்விகளுக்காக இங்கே குடிசைகள் எரிந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் கேள்விகள் கூர்மையடைந்த இடம் தேர்தல் களம். ஆகவே இந்தப் பிம்ப அரசியலைப் புரிந்துகொள்ள நாம் 1957-க்குப் போக வேண்டும். அதற்கும் முன்பாக 1937-க்கு.

அரசரை வென்றவர்

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. அது எல்லோருக்கும் வாக்குரிமை இல்லாத காலம். சொத்து, வரி, படிப்பு இவற்றில் ஏதாவது இருந்தவர்களே வாக்காளர்கள். நிலமற்ற தலித்துகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தத் தேர்தலில் இடமே இல்லை. காங்கிரஸ் மஞ்சள் பெட்டியைத் தன் அடையாளமாக்கிப் பிரச்சாரம் செய்தது. கே.பி.சுந்தராம்பாள் போன்ற புகழ்பெற்ற கலைஞர்களின் குரல் அதற்குப் பயன்பட்டது. கொள்கை அறிக்கையைப் படிக்கத் தெரியாத மக்களிடம் நிறமும் பாட்டும் போய்ச் சேரும் என்பதைக் கட்சிகள் அன்றே கற்றுக்கொண்டுவிட்டன.

அந்தத் தேர்தலில் ராமநாதபுரத்தில் நீதிக்கட்சி சார்பில் நின்றவர் சேதுபதி மன்னர். காங்கிரஸ் சார்பில் நின்றவர் உ.முத்துராமலிங்கத் தேவர். தேவர் வென்றார். அரண்மனையை எதிர்த்து ஒருவர் வென்றார் என்ற செய்தி சாதாரணமானது அல்ல. அதற்கு முன்பே அவர் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து இயக்கம் நடத்தியவர். ஒரு சமூகத்தில் பிறந்த காரணத்துக்காகவே ஆண்களை இரவில் காவல் நிலையத்தில் கைரேகை வைக்கச் சொன்ன கொடிய சட்டம் அது. 1947-ல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிம்பம் பொய்யிலிருந்து மட்டும் உருவாவதில்லை. பல நேரங்களில் உண்மையான ஒரு போராட்டத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் பிறந்த பிறகு அது யாருக்குக் குடையாகிறது, யார் தலையில் இடியாகிறது என்பதே நமது கேள்வி. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் இழிவிலிருந்து விடுபட்ட ஒரு சமூகத்தின் சுயமரியாதை, அதே ஊரில் தனிக் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரின் சுயமரியாதையோடு கைகோத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸிலிருந்து விலகி ஃபார்வர்டு பிளாக்கைத் தொடங்கியபோது தேவர் அவர் பக்கம் நின்றார். 1939 செப்டம்பரில் போஸ் மதுரைக்கு வந்தார். பின்னாளில் தேவரின் படத்துக்குப் பக்கத்தில் போஸின் ராணுவ உடைப் படமும் சேர்ந்துகொண்டது. திருமணம் செய்துகொள்ளாத துறவி, சொந்த நிலத்தைக் கொடுத்தவர், முருக பக்தர், போஸின் தோழர். இத்தனையும் ஓர் உருவத்தில் சேர்ந்தபோது அவர் வேட்பாளர் என்ற நிலையைத் தாண்டித் தெய்வம் என்ற நிலைக்குப் போனார். வேட்பாளரைத் தோற்கடிக்கலாம். தெய்வத்துக்கு எதிராக வாக்களிப்பவரை என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்? துரோகி என்றுதான்.

1957: எதிர்த்து விழுந்த வாக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமையில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்கு. ஜமீனின் நிலத்தில் கூலிக்கு உழுதவருக்கும் ஒரு வாக்கு, ஜமீனுக்கும் ஒரு வாக்கு. அரசியல் வாழ்வில் ஒரு மனிதருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது, சமூக வாழ்வில் அது வரவில்லை, இந்த முரண்பாட்டை நீண்ட நாள் வைத்திருந்தால் ஜனநாயகமே ஆபத்துக்குள்ளாகும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். எட்டே ஆண்டுகளில் அந்த எச்சரிக்கை முதுகுளத்தூரில் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

1957 பொதுத் தேர்தலில் தேவர் இரண்டு இடங்களில் நின்றார். முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார், திருவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் வென்றார். மக்களவை இடத்தை வைத்துக்கொண்டு சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலை 1 அன்று முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் நடந்தது. அவருடைய வேட்பாளர் டி.எல்.சசிவர்ணத் தேவர் வென்றார்.

வென்றுவிட்டார்கள். பிறகு ஏன் கலவரம்? இந்தக் கேள்வியைத்தான் இளைய தோழர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். தோற்றவர்கள் ஆத்திரத்தில் கலவரம் செய்தார்கள் என்றால் புரிந்துகொள்ளலாம். இங்கே வென்ற தரப்பின் ஆத்திரம்தான் சேரிகளின் மீது பாய்ந்தது. காரணம், தலித்துகளும் நாடார்களும் பெருவாரியாகக் காங்கிரஸுக்கு வாக்களித்தார்கள். வெற்றி கிடைத்தாலும், ஊரே ஒரே தலைவரின் பின்னால் நிற்கிறது என்ற பிம்பம் உடைந்துவிட்டது. அந்தப் பிம்பத்தை உடைத்தவர்கள் அதுவரை வாய் திறக்கக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்தவர்கள்.

அன்றைய வாக்குப்பதிவு முறையையும் நினைவில் கொள்ள வேண்டும். 1952, 1957 தேர்தல்களில் இப்போது போல ஒரே வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருக்கும். வாக்காளர் மறைவிடத்துக்குள் போய்த் தன் சீட்டை விரும்பிய பெட்டியில் போட வேண்டும். தனி ஒருவரின் வாக்கு ரகசியம்தான். ஆனால் ஒரு தெருவே எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது கிராமத்தில் எத்தனை நாளைக்கு ரகசியமாக இருக்கும்? இன்றும் வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வெளியிடப்படுகிறது. பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையமே முன்மொழிந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. எந்தச் சேரி யாருக்கு வாக்களித்தது என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் 1957-ல் முடிந்துவிடவில்லை.

சமமாக உட்கார்ந்தவர்

இமானுவேல் சேகரன் 1924 அக்டோபர் 9 அன்று பரமக்குடிக்கு அருகிலுள்ள செல்லூரில் பிறந்தார். தந்தை வேதநாயகம் ஆசிரியர். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். பிறகு ராணுவத்தில் பணியாற்றினார். ராணுவத்தை விட்டு வந்தபின் தேவேந்திரகுல வேளாளர் மக்களைத் திரட்டினார். இரட்டைக் குவளைக்கு எதிராகப் பேசினார். ஒடுக்கப்பட்டோர் மாநாடுகள் நடத்தினார். காங்கிரஸோடு சேர்ந்து வேலை செய்தார்.

ஆக, இவருக்கும் பிம்பத்துக்கான எல்லாத் தகுதியும் இருந்தது. விடுதலைப் போராட்டச் சிறைவாசம் இருந்தது, ராணுவச் சேவை இருந்தது, அமைப்புப் பணி இருந்தது. ஒரே ஒரு தகுதிதான் இல்லை. அது பிறப்பு.

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் சி.வி.ஆர்.பணிக்கர் சமாதானக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். மறவர், நாடார், தேவேந்திரர் தரப்புப் பிரதிநிதிகள் அழைக்கப்பட்டார்கள். தேவரும் வந்தார், 33 வயதுகூட நிரம்பாத இமானுவேல் சேகரனும் வந்தார். அந்தக் கூட்டத்தில் நடந்தவை பற்றிப் பல விதமான பதிவுகள் உண்டு. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: இமானுவேலைத் தனக்கு நிகரான ஒரு தலைவராக அழைத்து உட்கார வைத்தது சரியா என்ற கேள்வி அங்கே எழுந்தது. எல்லாத் தரப்பும் ஒரே கூட்டறிக்கையில் கையெழுத்திடலாம் என்ற யோசனையைத் தேவர் ஏற்கவில்லை. ஒரே வாசகத்தைத் தனித்தனித் தாளில் எழுதித் தனித்தனியாகக் கையெழுத்திடும் வழி முன்வைக்கப்பட்டது.

தேநீர்க் கடையில் தனிக் குவளை. சமாதானக் கூட்டத்தில் தனித் தாள். இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள், செப்டம்பர் 11. பரமக்குடியில் இரவு இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி அமிர்தம் கிரேஸும் நான்கு பெண் குழந்தைகளும் தனித்து விடப்பட்டார்கள். அதன் பிறகு கலவரம் மாவட்டமெங்கும் பரவியது. வீரம்பலில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்கூடத் தாக்கப்பட்டார்கள். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல் துறை சுட்டதில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். அந்த ஐந்து உயிர்களுக்கும் நீதி கேட்பதில் நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. அரசின் துப்பாக்கி இன்று ஒரு பக்கம் திரும்பும், நாளை நம் பக்கம் திரும்பும். 2011-ல் அப்படித்தான் திரும்பியது.

காங்கிரஸ் அரசையும் நாம் விட்டுவிட முடியாது. காமராசர் எளிமையின் உருவமாக, ஏழைகளின் முதல்வராக வலம் வந்த காலம் அது. சேரி மக்களின் வாக்கு காங்கிரஸுக்குத் தேவைப்பட்டது, கிடைத்தது. வாக்களித்த மக்களுக்கு வாக்களித்த மறுநாள் என்ன பாதுகாப்பு இருந்தது? எரிந்த குடிசைகளே பதில். அரசு பிறகு கடுமையாக நடந்துகொண்டது, அதைப் பெரியார் வெளிப்படையாக ஆதரித்தார். ஆனால் எல்லாம் இமானுவேலின் உயிர் போன பிறகுதான்.

வழக்கும் வாக்கும்

செப்டம்பர் 28 அன்று தேவர் மதுரையில் கைது செய்யப்பட்டார். இமானுவேல் கொலை வழக்கில் அவர் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். புதுக்கோட்டையில் விசாரணை நடந்தது. 1959 ஜனவரி 7 அன்று நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. இது சட்டப்படியான முடிவு. இதை விழுங்கிவிட்டுப் பேசினால் நம் வாதம்தான் பலவீனப்படும்.

ஆனால் நமது அக்கறை குற்றத் தீர்ப்பைப் பற்றியது மட்டுமல்ல. சிறைவாசம் அவருடைய பிம்பத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. விடுதலை ஊர்வலமானது. 1962-ல் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் அவர் மீண்டும் வென்றார். 1963 அக்டோபரில் மறைந்தார். மறைந்த பிறகு அவர் பிம்பம் ஃபார்வர்டு பிளாக்கின் கையை விட்டு எல்லாக் கட்சிகளின் பொதுச் சொத்தானது. 1974-ல் மதுரை கோரிப்பாளையத்தில் சிலையைத் திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி. பிறகு ஒரு மாவட்டமே அவர் பெயரைத் தாங்கியது. அக்டோபர் 30 அன்று பசும்பொன்னுக்குப் போகாத முதல்வரை, எதிர்க்கட்சித் தலைவரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இமானுவேல் எங்கே போனார்? அவருடைய பெயர் நீண்ட காலம் வழக்குக் கட்டில் கொலையுண்டவர் என்ற ஒரே அடையாளத்தோடு கிடந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கூடிய எளிய மக்கள்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றினார்கள். அரசு அஞ்சல் தலை வெளியிட்டது 2010 அக்டோபரில். கொல்லப்பட்டு 53 ஆண்டுகள் கழித்து.

பேருந்தில் எழுதப்பட்ட பெயர்

பிம்பம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொரு சான்று. தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்களின், மன்னர்களின் பெயர்களை வைக்கும் வழக்கம் இருந்தது. 1997-ல் விருதுநகர் பகுதியில் புதிய கழகம் ஒன்றுக்குத் தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்த தேவேந்திரர் குல வீரர் அவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். தென் மாவட்டங்களில் மோதல்கள் வெடித்தன. முடிவில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது.

எத்தனையோ பெயர்கள் பல ஆண்டுகளாகப் பேருந்துகளில் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கும் சங்கடம் இல்லை. ஒரு தலித் வீரனின் பெயர் வந்ததும்தான் பெயர்களே வேண்டாம் என்ற ஞானம் பிறந்தது.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசன் தம் தோழர்களோடு ஓடும் பேருந்திலிருந்து இறக்கிக் கொல்லப்பட்டார். தனி ஊராட்சியாக்கப்பட்ட மேலவளவில் தலைவராகத் தேர்வானதுதான் அவர் செய்த குற்றம். 1957-ல் சமமாக உட்கார்ந்ததற்கு, 1997-ல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு. நாற்பது ஆண்டுகள் இடைவெளி, கோபம் ஒன்றே.

தனித்தொகுதிக்கு ஏற்ற முகம்

இமானுவேல் கொல்லப்பட்ட பரமக்குடி இன்று தனித்தொகுதி. தலித் ஒருவர்தான் அங்கே சட்டமன்ற உறுப்பினராக முடியும். இது வெற்றிதானே என்று நீங்கள் கேட்கலாம். பாதி வெற்றி.

1932-ல் புனே ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக் கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீட்டைத் தந்தது. அதன் பொருள், தலித் வேட்பாளர் வெல்ல வேண்டுமானால் ஆதிக்கச் சாதியினருக்கு அவர் பிடித்தமானவராக இருக்க வேண்டும். 1952-ல் வடக்கு பம்பாயில் அம்பேத்கரே தோற்றார். காங்கிரஸ் நிறுத்திய கஜ்ரோல்கர் வென்றார். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவரை விடக் கட்சிக்கு இணங்கி நடக்கும் ஒருவர் வாக்காளர்களுக்குப் போதும் என்று ஆயிற்று.

இதனால் தனித்தொகுதி வேட்பாளரின் தேர்தல் பிம்பம் ஒரு குறிப்பிட்ட அச்சில் வார்க்கப்படுகிறது. அவர் பணிவானவர், எல்லாச் சமூகத்துக்கும் பொதுவானவர், பிரச்சினை செய்யாதவர். சுவரொட்டியில் கட்சித் தலைவர்களின் முகம் பெரிதாக, அவர் முகம் கீழே சிறிதாக. பொதுத்தொகுதி வேட்பாளருக்கு வீரம் தகுதி, தனித்தொகுதி வேட்பாளருக்கு அடக்கம் தகுதி. இமானுவேல் இன்று உயிரோடு இருந்தால் எந்தப் பெரிய கட்சியாவது அவருக்குப் பரமக்குடியில் சீட்டுக் கொடுக்குமா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கக் கவசமும் பெயர் ஒற்றுமையும்

2011 செப்டம்பர் 11. இமானுவேல் நினைவு நாளுக்காகப் பரமக்குடியில் மக்கள் கூடியிருந்தார்கள். அஞ்சலி செலுத்த வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியனை வழியிலேயே கைது செய்தார்கள். அதை எதிர்த்து மறியல் நடந்தது. காவல் துறை சுட்டது. குறைந்தது ஆறு தலித்துகள் உயிரிழந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பள்ளி மாணவன் கொலை செய்யப்பட்டிருந்தான். தேவரைப் பற்றிச் சுவரில் இழிவாக எழுதியதே காரணம் என்று அரசுத் தரப்பு சொன்னது. உண்மை அறியச் சென்ற குழுக்கள் அந்தக் கதையை மறுத்தன. ஒரு பிம்பத்தின் மரியாதையைச் சொல்லி ஒரு சிறுவனின் சாவுக்குக் காரணம் கற்பிக்க முடிகிற மண்ணில் வாழ்கிறோம்.

மூன்று ஆண்டுகள் கூட ஆகவில்லை. 2014 பிப்ரவரியில் அதே ஆட்சியின் முதல்வர் ஜெயலலிதா பசும்பொன்னுக்கு வந்து, தேவர் சிலைக்கு அ.தி.மு.க. சார்பில் சுமார் 13 கிலோ எடையுள்ள தங்கக் கவசத்தை அணிவித்தார். ஏப்ரலில் மக்களவைத் தேர்தல். அ.தி.மு.க. 39-ல் 37 இடங்களை வென்றது. ராமநாதபுரமும் அதில் ஒன்று. தங்கம் மட்டும் வெற்றி தந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கிச் சூட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், பதில் சொல்லாமலே தங்கத்தோடு வர முடிந்தது.

கவசத்தின் கதை அதோடு முடியவில்லை. ஆண்டுதோறும் வங்கிப் பெட்டகத்திலிருந்து அதை எடுத்துக் கொடுத்து வந்தவர் கட்சியின் அன்றைய பொருளாளர், ஓ.பன்னீர்செல்வம். கட்சி உடைந்ததும் இரு தரப்பும் கவசத்துக்கு உரிமை கோரின. 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வருவாய்த் துறை அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொன்னது. 2024-ல் அதே பன்னீர்செல்வம் சுயேச்சையாக நம் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே இன்னும் ஐந்து பேர் வேட்பாளர்கள் ஆனார்கள்! பெயரும் படமும் மட்டுமே அரசியல் என்றால், பெயரை நகலெடுத்து அரசியலைக் குழப்பிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? கடைசியில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி ஏணிச் சின்னத்தில் வென்றார்.

நம் மக்களின் பெயரும் பிரச்சாரப் பொருளானது. 2021 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த பிரதமர் மோடி, தேவேந்திர என்ற பெயர் நரேந்திர என்ற தன் பெயரோடு ஒத்துப்போகிறது என்று மேடையில் மகிழ்ந்தார். ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயரில் அழைக்கும் சட்டம் மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். பெயர் மாற்றம் மக்கள் நெடுநாள் கேட்டது, அதைக் குறை சொல்ல மாட்டோம். அந்த ஏழில் கடையரும் உண்டு, நம் கடற்கரையில் சிப்பி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டுப் பிழைத்த உழைப்பாளிகள். பெயர் மாறிய பிறகு அவர்கள் எவ்வளவு நிலம் பெற்றார்கள், எத்தனை பிள்ளைகள் கல்லூரி போனார்கள் என்று எந்த மேடையில் யார் பேசினார்கள்?

கடலும் தப்பவில்லை. 2024 ஜனவரியில் பிரதமர் ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் நீராடினார், அரிச்சல்முனையில் நின்றார். படங்கள் நாடெங்கும் ஓடின. 1974-ல் கையெழுத்தான கச்சத்தீவு ஒப்பந்தம், ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பு திடீரென்று தலைப்புச் செய்தியானது. தேர்தல் முடிந்ததும் மீனவர் கைதுகள் நின்றுவிட்டனவா? எதிர்த் தரப்பும் மாலை அரசியலில் சளைத்தது இல்லை. 2023 செப்டம்பரில் இமானுவேலுக்கு 3 கோடி ரூபாயில் மணிமண்டபம் கட்டப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்கிறோம். மண்டபத்தோடு 2011-ல் சுட்டவர்கள் மீதான நடவடிக்கையையும் சேர்த்து அறிவித்திருந்தால் இன்னும் வரவேற்றிருப்போம்.

நம் சுவரொட்டிகள்

இதுவரை மற்றவர்களைச் சொன்னோம். நம் தெருவையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் மாதம் நாம் வைக்கும் பிளக்ஸ் பலகைகளில் இமானுவேல் எப்படி இருக்கிறார்? ராணுவ உடை, முறுக்கிய மீசை, பின்னால் புலியோ சிங்கமோ. ஆண்ட பரம்பரை என்ற வாசகம் வேறு. யாரை எதிர்த்து நின்றோமோ அவர்களுடைய பிம்பத்தின் நகலைத்தான் நாம் அச்சடிக்கிறோம். இரட்டைக் குவளையை எதிர்த்த இமானுவேல், கிராமம் கிராமமாக நடந்து மக்களைத் திரட்டிய இமானுவேல் அந்தப் பலகையில் இல்லை. அமிர்தம் கிரேஸ் அறவே இல்லை. அன்று எரிந்த குடிசைகளிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

அரசியலில் தனி மனித பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று அம்பேத்கர் சொன்னது மற்ற சாதிகளுக்கு மட்டும் அல்ல, நமக்கும்தான். 1967-ல் குண்டடி பட்டுக் கழுத்தில் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது, அவர் பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் வென்றார். ஏழைகளைக் காக்க வரும் நாயகனின் படத்தை நம்பி ஏழைகள் அமைப்பாகத் திரளாமல் போனதைத்தான் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் பிம்பச் சிறை என்று விளக்கினார். அந்தச் சிறையில் நமக்கும் ஓர் அறை இருக்கிறது.

என்ன செய்யலாம்?

அடுத்த தேர்தலில் உங்கள் ஊருக்கு ஒரு பிம்பம் வரும். அப்போது சில வேலைகளைச் செய்யுங்கள்.

முதலாவது, படத்தில் இருப்பவரைப் பார்த்தபின் படத்தில் இல்லாதவரைத் தேடுங்கள். மேடையில் நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு? தலித் ஒன்றியக் கவுன்சிலர் எங்கே நிற்கிறார்? ஊராட்சித் தலைவியின் இடத்தில் அவருடைய கணவர் உட்கார்ந்திருக்கிறாரா? 1957 செப்டம்பர் 10 கூட்டத்தை இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது, இன்றைய கூட்டத்தையும் அப்படியே படியுங்கள்.

இரண்டாவது, ஒரே வேட்பாளர் மூன்று ஊர்களில் பேசியதைப் பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திருப்பாலைக்குடியில் சொன்னதைப் பரமக்குடியிலும், பரமக்குடியில் சொன்னதைக் கமுதியிலும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கமுதி மேடையில் இமானுவேல் பெயரைச் சொல்ல முடியாதவர் பரமக்குடியில் வைக்கும் மாலைக்கு மதிப்பில்லை.

மூன்றாவது, மாலைக்குப் பதிலாகக் கணக்குக் கேளுங்கள். ஆதிதிராவிடர் துணைத் திட்ட நிதி இந்த மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். கூடியதா? உங்கள் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அதில் உறுப்பினர்கள். வந்தார்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுவிடலாம்.

நான்காவது, நம் வரலாற்றை நாமே எழுதுவோம். 1957-ஐ நேரில் கண்டவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் பாட்டிமார்கள் அதிகம். கைப்பேசியில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தெரு எரிந்தது, யார் அடைக்கலம் கொடுத்தார்கள், வேறு சாதியிலிருந்து யார் உதவினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் போய்விட்டால் நமக்கு மிஞ்சுவது அரசின் கோப்பும் கட்சிகளின் சுவரொட்டியும்தான்.

ஒரு தலைவரின் படத்துக்கு எதிராக வாக்களித்த குற்றத்துக்காக 1957-ல் நம் மக்கள் விலை கொடுத்தார்கள். அந்த வாக்கைப் போடும்போது அவர்களுக்கு விலை என்னவென்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போட்டார்கள். அடுத்த முறை ஆயிரம் ரூபாய்க்கோ ஒரு படத்துக்கோ நம் வாக்கைக் கேட்டு யாராவது வந்தால், அந்த வாக்குச்சாவடிக்கு நடந்து போனவர்களை நினைத்துக்கொண்டு பதில் சொல்வோம்.